எட்டாம் வகுப்பில் நான் கொடுத்த சிவப்பு மாத்திரை

புதிதாகச் சேரும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தை வாயைத் திறக்கும்போது உங்களில் யாராவது மூக்கைச் சுளித்தால், அவர் அந்த நிமிடமே வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இந்தப் பள்ளிப் பல் நலப் பிரிவை விட்டுப் போகிறவர்கள் புதியவர்களுக்காக ஊக்கம் தரும் அனுபவங்களை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இங்கே உண்டு. இதுவரை எழுதியவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. அடுத்த மாதம் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தப் போகிறேன். ஒன்பது வருடம் பல் சுகாதாரப் பணியாளராக, வடக்கே பூவத்திலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை பள்ளிப் பள்ளியாக வேனில் ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த ஒன்பது வருடத்தில் ஊக்கம் தரும் கதைகள் இருக்கின்றன. அவற்றை மற்றவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நான் என் தவறை எழுதுகிறேன். இன்னும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். பல்லுக்கு அது கெடுதல் என்று தெரிந்தும்தான்.

நான் யார் என்று தெரிந்தால்தான் இந்தத் தவறு புரியும். நெரவிப் பக்கம் என் ஊர். அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இன்றும் கையெழுத்துப் போட்டால் பெயருக்குப் பின்னால் படிப்பை எழுதாமல் விடமாட்டேன். கல்லூரிப் பெண்கள் விடுதியில் என் ஊர்த் தெருவின் பெயரைக் கேட்டதும் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. அன்றிலிருந்து எனக்கு ஒரு வெறி. சட்டையில் கசங்கல் இருக்காது, நகத்தில் அழுக்கு இருக்காது, பல்லில் கறை இருக்காது. சுத்தமாக இருந்தால் எவனும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடு ஒரு வகுப்பறைக்குள் போனதுதான் தப்பு.

மூன்று வருடத்துக்கு முன்பு, கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள். கடற்கரைக் குப்பம் ஒன்றில் எட்டாவதோடு முடியும் பள்ளி. எல்லோருக்கும் தெரிந்த கிளிஞ்சல்மேடு அல்ல, அந்தக் கரையிலேயே வேறொன்று. பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்புக்குச் சாய மாத்திரை கொடுத்தேன். உங்களுக்கும் தருவார்கள். மென்று, எச்சிலை வாய் முழுக்கச் சுழற்றித் துப்பி, கொஞ்சம் தண்ணீரில் கொப்பளித்தால், அழுக்குப் படலம் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் பல்லில் சிவப்பாக நிற்கும். பிரஷ் எங்கே போகவில்லை என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான். குழந்தைக்கு மட்டும்.

நான் அதைப் போட்டியாக்கினேன். பல் வெளுப்பாக இருப்பவர்கள் ஜன்னல் பக்கம், சிவப்பாக இருப்பவர்கள் கதவுப் பக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் சொந்த மூளை. கதவுப் பக்க வரிசையில் கடைசியில் நின்றவள் கௌசல்யா. மேலும் கீழும் ஈறை ஒட்டி ஒரு கோடு போட்டதுபோல் சிவப்பு. நான் அவள் மோவாயைப் பிடித்து வகுப்பைப் பார்த்துத் திருப்பினேன்.

“எல்லாரும் பாருங்க. பல்லு விளக்கலைன்னா இப்படித்தான் இருக்கும்.”

வகுப்பாசிரியர் தன் பங்குக்குச் சொன்னார். “கணக்குல இதுதாங்க முதல் மார்க். மூளை இருக்கு, பல்லு வெளக்கத் தெரியல.”

“வெத்தலப் பொட்டிடா!” என்று ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை மறைக்கப் போவதில்லை. அவள் மோவாய் என் விரல்களில் இருக்கும்போதே சிரித்தேன்.

அந்த முகாமைப் பற்றி நான் எழுதிய அறிக்கையை நன்றாக இருக்கிறது என்றார்கள். ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதியிருந்தேன்.

அடுத்த முறை போனபோது கௌசல்யா பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்தேன். அதற்கடுத்த முறையும் அப்படியே. பொங்கல் கழித்துப் போனபோதுதான் ஏன் என்று கேட்கத் தோன்றியது. வகுப்பாசிரியர் நோட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார். “அது வராதுங்க. நெத்திலி காயப்போடப் போயிடுச்சு. நீங்க வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்தே வரல. பசங்க வெத்தலப் பொட்டி வெத்தலப் பொட்டின்னு வீடு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனானுங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா சார்?”

“பேரு வச்சது நானா?” என்றார்.

அவரை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி.

விசாரித்துவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னதால் வேன் குப்பத்துக்குள் திரும்பியது. எங்களோடு வந்த மூத்த டாக்டர் இறங்கவில்லை. நான் மட்டும் இறங்கிக் கருவாட்டுக் களத்துக்கு நடந்தேன். வலை விரிப்பில் நெத்திலி வெள்ளி வெள்ளியாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கௌசல்யா வீடு எதுங்க?”

“நீ யாரு?”

“பள்ளிக்கூடத்துல பல்லு பார்க்க வர்றவங்க.”

ஒரு பெண் நிமிர்ந்தாள். கையில் இருந்த நெத்திலியைக் கீழே போட்டாள். கௌசல்யாவின் அம்மா, இந்திரா. “ஓ, நீதானா அது? அடியே வாங்கடி இஞ்ச. எம்புள்ள மோவாயப் புடிச்சி ஊருக்கே காட்டுனவ வந்துருக்கா.”

சுற்றிலும் பெண்கள் வந்துவிட்டார்கள். பின்னாலிருந்து டாக்டர் கத்தினார். “வாம்மா, வந்து ஏறு. இந்த ஜனங்ககிட்ட பேசி ஒண்ணும் ஆவாது. பாய், வண்டிய எடுங்க.”

ஓட்டுநர் ஜாபர் பாய் சாவியைத் திருகினார், நிறுத்தினார். “ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது சார்,” என்றார். அந்த வேன் அன்று காலையில் முதல் திருகலிலேயே கிளம்பியது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இந்திரா என் அருகில் வந்தாள். செதில் ஒட்டிய கையால் என் மோவாயைப் பிடித்தாள். “காட்டுடி ஒன் வாய. நாங்களும் பார்க்கிறோம்.”

“விடுடி இந்திரா, கவுருமெண்டு ஆளு.”

“கவுருமெண்டு ஆளுன்னா? அவளுக்கு மட்டும் தங்கத்துலயா பல்லு?”

என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். ஒரு கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, “படிச்ச பல்லுடி. பளபளன்னு பல்பொடி வெளம்பரம் மாரி இருக்கு,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. என் மேல்தான் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். இந்திரா மேல்தான் வந்தது. எத்தனை படித்து, எவ்வளவு தேய்த்துக் கழுவி இங்கே வந்து நிற்கிறேன், என் மோவாயைப் பிடிக்க இவள் யார் என்று. கையைத் தட்டிவிட என் கை எழுந்தும்விட்டது. அப்போதுதான் பெண்களுக்குப் பின்னால் கௌசல்யாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டா நுனியால் வாயை மூடியிருந்தாள். சுற்றி நின்றதெல்லாம் அவளுடைய அம்மாவும் அத்தைகளும். அவர்கள் முன்னால்கூட வாயை மூடியிருந்தாள்.

என் கை இறங்கிவிட்டது. “நான் செஞ்சது தப்புங்க,” என்றேன். “அதச் சொல்லத்தான் வந்தேன்.” இரண்டாவது வாக்கியம் உண்மையில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கும்வரை நான் விசாரிக்கத்தான் வந்திருந்தேன்.

இந்திரா கையை எடுத்தாள். நான் கௌசல்யாவிடம் கேட்டேன். “உன் வாயைப் பார்க்கட்டுமா? வேண்டாம்னா போயிடறேன்.” அவள் அம்மாவைப் பார்த்தாள். இந்திரா தலையசைத்தாள். மூன்று பேரும் ஓலைத் தடுப்புக்குள் போனோம்.

ஈறு வீங்கிப் பளபளவென்று இருந்தது. லேசாகத் தொட்டதும் ரத்தம்.

“எத்தனை நாளா இப்படி?”

“ஆறாவது படிக்கறப்பலேர்ந்து மிஸ்.”

“பல்லு விளக்குவியா?”

“தெனமும் வெளக்குவேன்.” அவள் குரலில் கோபம் இருந்தது. “பல்லு மேல மட்டும். ஈறுகிட்ட போனா ரத்தம் வரும். அம்மா தொடாதன்னு சொல்லிச்சு.”

“பின்ன? கால்ல முள்ளு குத்துனா அந்தக் கால ஊனாமதான நடப்போம்?” என்றாள் இந்திரா. “ரத்தம் வர்ற எடத்துல போயி தேய்க்கச் சொல்லுவாளா பெத்தவ?”

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பல் விளக்காதவள் இல்லை. தாய் சொல்லைக் கேட்டவள். அந்தத் தாயும் அறிவில்லாதவள் இல்லை. உடம்பில் வேறு எந்தப் புண்ணுக்கும் பொருந்துகிற நியாயத்தை ஈறுக்கும் சொன்னாள். ஈறு மட்டும் அந்த நியாயத்துக்கு அடங்காது. இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியது யார்? நாம். நம் சுவரொட்டியில் என்ன இருக்கிறது? சிவந்த தோலோடு ஒரு பிள்ளை சிரிக்கிறது, கறுத்த தோலோடு ஒரு பிள்ளை சொத்தைப் பல்லோடு அழுகிறது. ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அதை வரைந்தவனையும், அச்சடிக்க அனுமதித்தவர்களையும், ஆறு வருடம் அதை ஒட்டிக்கொண்டு திரிந்த என்னையும் ஒரே வரிசையில் நிற்க வைக்க வேண்டும்.

நான் சொன்னேன். “இது முள்ளுக் குத்துன புண்ணு இல்லீங்க. பல்லும் ஈறும் சேர்ற எடத்துல அழுக்கு தங்கிக்கிச்சு. அதனாலதான் ஈறு வீங்குது. ரத்தம் வருதுன்னு விட்டா அழுக்கு இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும். மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷா வாங்கி, ஈறைப் பார்த்துச் சாய்ச்சுப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா, அழுத்தாம தேய்க்கணும். மொத ரெண்டு மூணு நாள் ரத்தம் வரும். பயப்படக் கூடாது.”

“நிக்கலைன்னா?”

“ரெண்டு வாரத்துல குறையலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, உள்ள அழுக்கு இறுகிக் காரை கட்டியிருக்கும், எடுத்துடலாம். நான் பத்து நாள்ல வந்து பார்க்கிறேன்.”

“காலையிலதான வெளக்குறா?”

“ராத்திரி சாப்பிட்ட பிறகும் விளக்கணும். அதுதான் முக்கியம். விளக்குன பிறகு தண்ணியைத் தவிர எதுவும் வாயில போடக் கூடாது.”

“ராத்திரி யாரு பாக்கப் போறா பல்ல?” என்றாள் இந்திரா. கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் நம் ஊர்ப் பழக்கம் முழுக்க அந்தக் கேள்வியில் இருக்கிறது. பல் விளக்காமல் காபி குடிக்க மாட்டோம், அதில் பெருமை வேறு. காலையில் விளக்குவது நாலு பேர் முகத்தில் விழிப்பதற்காக. சோறும் மீனும் பல்லிடுக்கில் இரவெல்லாம் இருப்பது பற்றி நமக்குக் கவலை இல்லை.

வீட்டில் எத்தனை பிரஷ் என்று கேட்டேன். ஒன்றுதான், கௌசல்யாவுக்கும் தம்பிக்கும் சேர்த்து. மயிர் விரிந்து தென்னந்துடைப்பம் போல் இருந்தது. ஆளுக்கு ஒன்று வேண்டும், மயிர் விரிந்தால் மாற்ற வேண்டும் என்றேன். இந்திரா விரலால் விளக்குவது புகையிலைத் தூள் கலந்த பல்பொடி. பேசும்போதே வாசனை தெரிந்தது. அதைப் பற்றி அன்று வாய் திறக்கவில்லை. ஒருத்தியின் மகளுக்குச் செய்த தவறைச் சொல்லப் போன இடத்தில், அவளுடைய வாயையும் குற்றம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அது பிறகு மெல்லப் பேசி மெல்ல விடவைத்த விஷயம். நான் அன்று சரியாகச் செய்த ஒரே காரியம் அந்த மௌனம்தான்.

திரும்பி வந்ததும் வேன் கிளம்பிவிட்டது.

பத்தாம் நாள் நானே பஸ்ஸில் போனேன். கௌசல்யா கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக விளக்கியிருந்தாள். ஈறு சுருங்கியிருந்தது. பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் லேசாக ரத்தம். பேசும்போது துப்பட்டா தோளில் இருந்தது.

“நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் வந்துடு,” என்றேன்.

“எங்க கிளாஸ்ல எல்லாரும் இருக்கறப்ப நீங்க வந்து சொல்லுங்க மிஸ். அப்ப வரேன்.”

“என்ன சொல்லணும்?”

“நான் பல்லு வெளக்காத பொண்ணு இல்லன்னு. தெரியாம சொல்லிட்டேன்னு.”

“நாளைக்கே வரேன்,” என்றேன்.

போகவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “பசங்ககிட்ட போயி மன்னிப்புக் கேக்கப் போறியா? நாளைக்கு ஒரு பய உன்னை மதிப்பானா? டிபார்ட்மென்ட் மரியாதை என்ன ஆவறது? வேணும்னா எழுதிக் கேளு, மேல சொன்னா போ.” எழுதிக் கேட்டேன். அழகான கடிதம். பெயருக்குப் பின்னால் படிப்பு. பதில் வரும்வரை காத்திருந்தேன். பதில் வரவில்லை என்று நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நடுவில் இரண்டு முறை அந்தப் பள்ளி வாசலைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போனோம். வேனை நிறுத்தச் சொன்னால் ஜாபர் பாய் நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. வகுப்பு முன்னால் நின்று ‘தெரியாமல் சொல்லிவிட்டேன்’ என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. எங்கள் வீட்டிலேயே முதலில் படித்தவள் நான். தெரியாது என்ற சொல்லை நான் எத்தனை வருடம் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்! டாக்டர் என்னைத் தடுக்கவில்லை. ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தார். அதில் போய் உட்கார்ந்தவள் நான்.

மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. ஒரு நாள் யாரையும் கேட்காமல் போனேன். எட்டாம் வகுப்பில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஆண்டுத் தேர்வு முந்தின நாளே முடிந்திருந்தது. மற்றவர்கள் வரவில்லை, இனி வரவும் மாட்டார்கள். ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி. அந்த எட்டுப் பேர் முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒரு மாத்திரையை நானே மென்று காட்டினேன். கீழ்ப்பற்களின் உள்பக்கம், கடைவாயில், சிவப்பு. தினமும் இரண்டு வேளை விளக்குகிறவளுக்கு. எட்டுப் பேரும் சிரிக்கவில்லை. எப்போது விடுவார்கள் என்று வாசலைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், “எங்களுக்கும் மாத்திரை உண்டா மிஸ்?” என்று கேட்டான்.

தலைமையாசிரியர் சொன்னார், தேர்வு எழுதாததால் கௌசல்யா மறுபடி எட்டாவதுதான். நேராகக் களத்துக்குப் போனேன். இந்திரா குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். “தெனமும் வாசல்ல நின்னுச்சு, நீங்க வருவீங்கன்னு. ரெண்டு வாரம் நின்னுச்சு. இப்ப வந்து என்னா செய்ய?”

அவள் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புது வருடம் திறந்த வாரத்தில் பள்ளிக்குப் போனேன். இந்திராதான் கொண்டுவந்து விட்டிருந்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் கூப்பிட்டு, “இந்த கிளாஸ்ல சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். வாயை மூடவில்லை.

“இவங்க யாரும் சிரிக்கலியே மிஸ். சிரிச்சவங்க எல்லாம் போயிட்டாங்க.”

மணி அடித்தது. வகுப்புக்குள் போய்விட்டாள்.

கௌசல்யாவின் ஈறில் இப்போது ரத்தம் வருவதில்லை. இந்த வருடம் பத்தாவது படிக்கிறாள். அவளோடு இருந்தவர்கள் பதினொன்றாவது படிக்கிறார்கள். வலிக்காமல் விளக்குவது எப்படி என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள், நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வது இதுதான்: ஒரு பிள்ளையிடம் நாளை வருகிறேன் என்று சொன்னால், நாளை போங்கள்.